சத்தியம் வாங்காதீர்கள், ஓ.பி. சீட்டு வாங்குங்கள்: குடிநோய் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் டாக்டர் இல்லை, கவுன்சலரும் இல்லை. லாரி ஓட்டுகிற ஒருவரின் தம்பி, அவ்வளவுதான். நாமக்கல் பக்கம். அண்ணனின் குடியை நிறுத்த எங்கள் வீட்டில் மொத்தம் எத்தனை சத்தியம் வாங்கியிருப்போம் என்று ஒருநாள் அண்ணியும் நானும் உட்கார்ந்து எண்ணினோம். மகள் தலையில் அடித்து நான்கு, அப்பா படத்துக்கு முன்னால் இரண்டு, குலதெய்வக் கோயிலில் கற்பூரம் அணைத்து ஒன்று, அதற்கு மேல் கணக்கு பிடிபடவில்லை. ஆனால் ஒரே ஒரு ஓ.பி. சீட்டு வாங்க எங்களுக்குப் பதினோரு வருடம் ஆனது. அதற்கப்புறம் சொந்தத்தில், அக்கம்பக்கத்தில் யாருக்காவது இதே பிரச்சினை என்றால் "அவன்கிட்ட கேளு" என்று என் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட இதே கேள்விகள்தான். ஒவ்வொரு முறையும் போனில் சொல்லிக்கொண்டிருப்பதற்குப் பதில் எழுதியே வைத்துவிடுகிறேன்.

குடி ஒரு கெட்ட பழக்கம்தானே? அதைப் போய் நோய் என்று சொன்னால் குடிக்கிறவனுக்கு அதுவே சாக்காகிவிடாதா?

முதல் நாள் குடித்தது அவர் விருப்பம்தான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் எட்டாவது வருடம், காலை ஐந்தரை மணிக்கு, பல் தேய்க்கக்கூட முடியாமல் கை நடுங்க, அந்த நடுக்கம் அடங்குவதற்காகவே தலையணைக்கு அடியில் மிச்சம் வைத்த கட்டிங்கை எடுத்துக் குடிக்கிற ஆளைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? அவர் ஜாலிக்குக் குடிக்கவில்லை. குடிக்காவிட்டால் அவரால் சட்டைப் பட்டன் போட முடியாது.

அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956-லேயே இதை நோய் என்று ஏற்றுக்கொண்டது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் பல காலமாக இருக்கிறது. நம் நாட்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநோய் என்றால் என்ன என்று சொல்லும் இடத்திலேயே மது, போதைப்பொருளால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறது. இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், ஒருவர் குடிநோயாளி ஆவதில் ஏறக்குறைய பாதிப் பங்கு பரம்பரைக்கு இருப்பதாகத் தெரிய வந்திருக்கிறது. ஒரே மேஜையில் பத்து வருடம் சேர்ந்து குடித்த நாலு பேரில் ஒருவர் மட்டும் மாட்டிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாக்கு விஷயத்துக்கு வருகிறேன். சுகர் வந்தவரிடம் யாராவது "இனிமேல் ரத்தத்தில் சர்க்கரை ஏற விடமாட்டேன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு" என்று கேட்கிறோமா? மாத்திரை போட்டியா, டெஸ்ட் எடுத்தியா, டாக்டர் சொன்ன தேதிக்குப் போனியா என்றுதான் கேட்கிறோம். சத்தியம் ஒரு நிமிஷ வேலை. வைத்தியம் வருஷக்கணக்கான வேலை. இரண்டில் எது சாக்கு என்று நீங்களே சொல்லுங்கள்.

அப்படியென்றால் குடிக்கிற எல்லோருமே நோயாளிகளா?

இல்லை. 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பு (எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தியது) 10 முதல் 75 வயதுக்குள் 14.6 சதவீதம் பேர், அதாவது ஏறக்குறைய 16 கோடிப் பேர் குடிக்கிறார்கள் என்றது. அதில் குடிக்கு அடிமையாகி நோய் என்ற நிலைக்குப் போனவர்கள் 2.9 கோடி. மீதிப் பேருக்கு ஒன்றும் ஆகாது என்று இதற்கு அர்த்தமில்லை. ஈரலும் விபத்தும் நோயாளியா இல்லையா என்று பார்த்து வருவதில்லை.

டாக்டர்கள் எடுத்த எடுப்பில் நாலு கேள்வி கேட்பார்கள். குடியைக் குறைக்க வேண்டும் என்று நினைத்ததுண்டா? யாராவது அதைப் பற்றிப் பேசினால் எரிச்சல் வருகிறதா? குடித்ததை நினைத்துக் குற்ற உணர்ச்சி வந்திருக்கிறதா? காலையில் எழுந்ததும் நடுக்கம் போக, உடம்பு நிதானத்துக்கு வர என்று குடித்ததுண்டா? இரண்டுக்கு ஆமாம் என்றால் டாக்டரைப் பார்ப்பது நல்லது. நான்காவது கேள்விக்கு மட்டும் ஆமாம் என்றாலும் நான் கிளம்பச் சொல்லிவிடுவேன்.

அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண் இருக்கிறது. குடிநோயாளிகளில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் படுத்து வைத்தியம் பார்த்தவர் 180-இல் ஒருவர். பாக்கிப் பேர் வீட்டில் எங்களைப் போலச் சத்தியம் வாங்கிக்கொண்டிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

தினம் ஒரு குவார்ட்டர்தான். அது அதிகமா?

அதிகம். கணக்கு சொல்கிறேன். குவார்ட்டர் 180 மில்லி. நம் ஊர் பிராந்தி, விஸ்கி, ரம் எல்லாவற்றிலும் ஆல்கஹால் 42.8 சதவீதம். அப்போ ஒரு குவார்ட்டரில் சுத்தமான ஆல்கஹால் 77 மில்லி, எடையில் 60 கிராமுக்குக் கொஞ்சம் மேல். ஈரல் ஒரு மணி நேரத்துக்கு ஏழிலிருந்து பத்து கிராம்தான் கரைக்கும். ராத்திரி பத்து மணிக்குக் கடை மூடும் நேரத்தில் வாங்கி ஒரு குவார்ட்டரை முடித்தவர் ரத்தத்தில் விடிகாலை நாலு ஐந்து மணிக்கும் சரக்கு இருக்கும். மோர் குடித்தாலும் எலுமிச்சம்பழம் பிழிந்தாலும் அந்த வேகம் கூடாது. அண்ணன் நாலு மணிக்கு வண்டி எடுக்கிற ஆள், அதனால்தான் இதை இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்.

கார்த்திகை பிறந்தால் மாலை போட்டு 48 நாள் ஒரு சொட்டு தொடுவதில்லை. கழற்றிய அன்றே குடிக்கிறார். அப்போ முடியாமல் இல்லை, திமிர்தானே?

இதற்குத்தான் நான் நீளமாகப் பதில் சொல்வேன். எங்கள் அண்ணன் செத்துப் பிழைத்தது மாலை போட்ட மூன்றாம் நாள் ராத்திரி.

ஆரம்பத்தில் நாலைந்து வருடம் நிஜமாகவே 48 நாளும் சுத்தமாக இருந்தார். நாங்களும் உங்களை மாதிரியே, மனசு வைத்தால் முடியுது, வீம்புக்குக் குடிக்கிறார் என்றுதான் நினைத்தோம். நாளுக்கு நாள் அளவு ஏறி ஒரு நாளைக்கு மூன்று குவார்ட்டர் என்று வந்து நின்ற பதினோராவது வருடம், கார்த்திகை ஒன்றாம் தேதி வழக்கம்போல மாலை போட்டார். அன்றோடு குடி கட். முதல் நாள் கை உதறல், வேர்வை, சாப்பிட்டதெல்லாம் வாந்தி. இரண்டாம் நாள் ஒரு முறை கை கால் வெட்டி இழுத்தது, விரதத்தில் பட்டினி கிடந்ததால் என்று விட்டுவிட்டோம். மூன்றாம் நாள் ராத்திரி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, சுவரில் எறும்பு சாரை சாரையாகப் போகிறது, குழந்தை மேல் ஏறப்போகிறது, தட்டி விடு என்று கத்தினார். சுவரில் ஒன்றும் இல்லை. அப்புறம் கத்தலை விட்டுவிட்டு, காற்றில் இரண்டு கையையும் வைத்து ஸ்டியரிங் ஓட்ட ஆரம்பித்தார். இடது கை கியர் மாற்றுகிறது, வலது கால் பிரேக்கைத் தேடுகிறது, நடுவில் கிளீனர் பையனை "பின்னாடி பாருடா" என்று அதட்டல். கண் எங்களைப் பார்க்கிறது, ஆனால் எங்களைத் தெரியவில்லை. தெருவில் கூடியவர்கள் ஐயப்பன் சோதிக்கிறார் என்றார்கள், காத்து கருப்பு என்றார்கள், ஒருவர் வேப்பிலை எடுத்துவரவே போய்விட்டார்.

108-இல் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். டூட்டியில் இருந்த சின்ன வயது டாக்டரம்மா முதலில் கேட்டதே "கடைசியா எப்போ குடிச்சாரு?" என்றுதான். "குடியை விட்டு மூணு நாள் ஆச்சுங்க டாக்டர், மாலை போட்டிருக்கார்" என்று அண்ணி கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். அந்த டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

நடப்பது இதுதான். மூளையில் பிரேக்கும் இருக்கிறது, ஆக்சிலேட்டரும் இருக்கிறது. மது பிரேக்கை அழுத்துகிற சாமான். வருடக்கணக்காகத் தினமும் அழுத்தினால், வண்டி நிற்காமல் ஓட மூளை தன் பங்குக்கு ஆக்சிலேட்டரை மிதித்தே வைத்துக்கொள்ளப் பழகிவிடும். ஒருநாள் திடீரென்று பிரேக்கிலிருந்து காலை எடுத்தால்? ஆறேழு மணி நேரத்தில் நடுக்கம், இரண்டு நாளுக்குள் வலிப்பு, இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் இந்தப் பேதலிப்பு. டாக்டர்கள் டெலிரியம் என்கிறார்கள், கிராமத்தில் ஜன்னி என்பார்கள். வைத்தியம் பார்க்காமல் விட்டால் உயிரே போகும். ஹெராயின் மாதிரியான போதையைத் திடீரென்று நிறுத்தினால் வலியும் அவஸ்தையும் பயங்கரமாக இருக்கும், ஆனால் அந்த நிறுத்தலே ஆளைக் கொல்வது அபூர்வம். சாராயத்தில் அப்படியில்லை.

அதனால் காலையில் கை நடுங்குகிறவர், முன்பு ஒரு தடவையாவது வலிப்பு வந்தவர், தினமும் நிறையக் குடிக்கிறவர், இவர்களெல்லாம் வீட்டிலேயே சட்டென்று நிறுத்தக்கூடாது. மாலை போடுவதானால் போடட்டும். இரண்டு வாரம் முன்னால் டாக்டரைப் பார்த்துவிட்டுப் போடட்டும்.

இன்னொன்று. கால் உடைந்தோ, ஆபரேஷனுக்கோ ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது "குடிப்பழக்கம் உண்டா?" என்று கேட்டால் மானம் போகும் என்று மறைக்காதீர்கள். எலும்பு வார்டில் மூன்றாம் நாள் ராத்திரி பேதலிக்கிற பலருடைய கதை இதுதான்.

டி.வி.யில், பஸ்ஸுக்குப் பின்னால் விளம்பரம் பார்த்தேன். அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாமாம். கொடுக்கட்டுமா?

வேண்டாம். வேண்டாம் என்றால் வேண்டவே வேண்டாம்.

அந்தப் பொடிகளில் என்ன இருக்கிறது என்பது விற்கிறவருக்கே வெளிச்சம். சிலர் மருந்துக் கடையில் டைசல்ஃபிராம் மாத்திரையை வாங்கிப் பொடித்துக் குழம்பில் போடுகிறார்கள், அதைப் பற்றிச் சொல்கிறேன். அது நல்ல மருந்துதான். ரப்பர் தொழிலில் பயன்பட்ட ரசாயனம் அது, அந்த ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்குக் குடி ஒத்துக்கொள்ளாமல் போனதைக் கவனித்திருந்தார்கள். 1940-களில் டென்மார்க்கில் அதை மருந்தாக்கினார்கள். மது உடம்பில் உடையும்போது நடுவில் வரும் ஒரு விஷப்பொருளை மேற்கொண்டு உடைய விடாமல் தடுத்துவிடும். மாத்திரை போட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, பிரஷர் இறங்கும். அந்தப் பயமே குடிக்க விடாது என்பதுதான் வைத்தியம். பயம் வேலை செய்ய வேண்டுமென்றால் மாத்திரை சாப்பிடுவது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் இல்லையா? தெரியாதவர் வழக்கம்போல ஆஃப் பாட்டிலை முடிப்பார். இதயம் பலவீனமாக இருந்தால் அதோடு போய்ச் சேரலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அந்த வேலை உடம்பில் இருக்கும்.

போனில் ஒரு அக்கா, ஏற்கனவே நாலு நாளாகப் போட்டுவிட்டேன் என்று அழுதார். திட்டுவதற்கு மனசு வரவில்லை. யார்தான் அவரிடம் வேறு வழி சொன்னார்கள்? இன்றைக்கே டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள் அக்கா என்றேன், சொன்னார்.

சரி, டாக்டரிடம் போனால் என்னதான் செய்வார்கள்? கட்டிப்போட்டு ஷாக் கொடுப்பார்களாமே?

சினிமா பார்த்துக் கெட்டுப்போய்விட்டோம். அண்ணனுக்குச் செய்ததைச் சொல்கிறேன். முதலில் வைட்டமின் பி1 ஊசி. அதாவது தயமின். குடிக்கிறவர்கள் சரியாகச் சாப்பிடாததால் அது உடம்பில் வற்றிப்போயிருக்கும். அது இல்லாமல் மொட்டையாகக் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைக்கே ஆபத்து, நினைவாற்றல் நிரந்தரமாகப் போகலாம். "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துனா தெளிஞ்சிடும்" என்று தெருமுனை கிளினிக்கில் செய்வது எவ்வளவு தப்பு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கூடவே மூளையின் அந்த ஆக்சிலேட்டரை மெதுவாக இறக்க டயசபம், லோராசெபம், குளோர்டயசெபாக்சைடு வகை மருந்துகளில் ஒன்று. முதல் நாள் அதிகம், நாளாக நாளாகக் குறைத்து ஒரு வாரம் பத்து நாளில் நிறுத்திவிடுவார்கள். இந்த மருந்துகளே பழக்கமாகக் கூடியவை, அதனால் பழைய சீட்டைக் காட்டி நீங்களாக வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருக்கக்கூடாது.

இதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுகிறார்கள். உண்மையில் இதற்கப்புறம்தான் வைத்தியமே. குடிக்கும் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் மாதிரி மாத்திரைகள் உண்டு. ஈரல், கிட்னி எப்படி இருக்கிறது என்று பார்த்து எது என்று டாக்டர் முடிவு செய்வார். மாதக்கணக்கில் போட வேண்டும். கவுன்சலிங் உண்டு. அதில் உபதேசம் செய்ய மாட்டார்கள். எந்த நேரத்தில், யாரோடு, எந்த மனநிலையில் கை பாட்டிலுக்குப் போகிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பார்கள். அண்ணனுக்கு அது டிரிப் முடிந்து லோடு இறக்கக் காத்திருக்கும் ரெண்டு மணி நேரம். பசி, தனிமை, கையில் படிக்காசு. அந்த ரெண்டு மணி நேரத்தில் என்ன செய்வது என்று பேசுவதற்கே நாலு வாரம் ஆனது.

எங்கே போவது? செலவு?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே போகலாம். காசு கிடையாது. 2025-இல் தமிழ்நாடு அரசு 'கலங்கரை' என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் போதை மீட்பு மையங்கள் தொடங்கியது. சென்னையில் 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. தனியாரில், சாந்தி ரங்கநாதன் அம்மா தன் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தபின் 1980-இல் சென்னையில் ஆரம்பித்த டி.டி.கே. மருத்துவமனை நாடு முழுவதும் தெரிந்த பெயர். போனிலேயே முதலில் பேச வேண்டுமென்றால் 14416, மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். போதை மீட்புக்கென்றே 14446 இருக்கிறது. இரண்டும் இலவசம்.

இன்ஷூரன்ஸ் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். உடல் நோய்க்கு என்ன உண்டோ அது மனநோய்க்கும் உண்டு என்கிறது 2017 சட்டம். ஆனால் மது, போதை சிகிச்சையை விலக்கி வைக்க நிறுவனங்களுக்கு அனுமதி இருக்கிறது, பல பாலிசிகளில் விலக்குப் பட்டியலில் அந்த வரி இருக்கும். ஒரு பக்கம் நோய், இன்னொரு பக்கம் உன் தப்பு. பாலிசியைப் படித்துப் பார்த்துவிட்டுத் தனியாருக்குப் போங்கள்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களையும் சொல்ல வேண்டும். 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஆரம்பித்தது, இப்போது தமிழ்நாட்டிலும் பல ஊர்களில் பள்ளிக்கூடத்து அறையிலோ சர்ச் ஹாலிலோ சாயங்காலம் கூடுகிறார்கள். பேர், ஊர் சொல்ல வேண்டியதில்லை, சந்தா இல்லை. குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக்கூட்டம். எல்லோருக்கும் ஒத்துவராது, சிலருக்கு அதுதான் உயிர் மூச்சு.

ஒரு மறுவாழ்வு மையத்தில் வண்டியோடு ஆள் அனுப்பி, தூக்கிக்கொண்டு போய் மூன்று மாதம் வைத்திருப்பார்களாம். அனுப்பலாமா?

உங்கள் கையறு நிலை புரிகிறது. ஆனாலும், போய்ப் பார்க்காமல் அனுப்பாதீர்கள். நல்ல மையங்கள் இருக்கின்றன. அடித்து, பட்டினி போட்டு, முட்டி போடவைத்து 'திருத்துகிற' இடங்களும் இருக்கின்றன, ஆள் பிணமாக வந்த செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா, மனநல டாக்டர் உண்மையிலேயே வருகிறாரா, முதல் வாரமே நீங்கள் போய்ப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். "மூணு மாசத்துக்கு வரக்கூடாது, போன் பண்ணக்கூடாது" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

சட்டப்படி, சம்மதம் இல்லாமல் ஒருவரைச் சேர்க்க வேண்டுமென்றால் இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். அதில் ஒருவர் மனநல டாக்டராக இருக்க வேண்டும். தன் உயிருக்கோ பிறருக்கோ ஆபத்து, அல்லது தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாத நிலை என்று அவர்கள் எழுதித்தர வேண்டும். அப்படியும் முதலில் 30 நாள் வரைதான். சங்கிலி போட்டுக் கட்டுவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறார். "நான் என்ன பைத்தியமா?" என்கிறார்.

மப்பில் இருக்கும்போது பேசாதீர்கள், அது சுவரோடு பேசுவது. காலையில், அடுத்த சரக்குக்கு முன்னால், உடம்பு கெஞ்சுகிற நேரம் ஒன்று இருக்கும், அப்போது பேசுங்கள். "நீ குடிகாரன்" என்று ஆரம்பித்தால் கதவு சாத்திக்கொள்ளும். "ரெண்டு நாளா சாப்பாடு இறங்கலையே, வா, வயித்துக்கு ஒரு டாக்டரைப் பார்ப்போம்" என்றால் பாதிப் பேர் வருவார்கள். பொது டாக்டரிடமே போங்கள், தப்பில்லை. அப்புறம் அவர் கடனை நீங்கள் அடைப்பது, முதலாளிக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்வது, இதையெல்லாம் நிறுத்துங்கள். இது எனக்கே நான் சொல்லிக்கொள்வதும்தான். அண்ணனின் ஓனருக்கு நான் சொன்ன பொய்களை எழுதினால் தனிப் பக்கம் வேண்டும்.

நோய் என்று சொல்கிறீர்களே, அப்போ குடித்துவிட்டு அடிப்பதையும் பொறுத்துக்கொள்ள வேண்டுமா?

கூடாது. குடி நோய், அடி குற்றம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். வைத்தியத்துக்கு வழி பார்க்கிற அதே நேரத்தில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகலாம், 181-க்கு (பெண்கள் உதவி எண்) கூப்பிடலாம், போலீசுக்கும் போகலாம். "நீ அனுசரிச்சுப் போயிருந்தா அவன் ஏன் குடிக்கிறான்" என்று மாமியாரோ ஊரோ சொன்னால், தயவுசெய்து நம்பாதீர்கள். ஒருவர் குடிநோய்க்கு இன்னொருவர் காரணமில்லை.

மகனிடம் கஞ்சா பிடித்தேன். இன்னொரு பையன் வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போடுகிறானாம். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீசுக்குச் சொல்லிவிடுவார்களா?

வைத்தியத்துக்கு வந்தவரைப் பிடித்துக்கொடுப்பது டாக்டரின் வேலை இல்லை, சொன்னது ரகசியமாகவே இருக்கும். சட்டத்திலும் இடம் இருக்கிறது. 1985-ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவு, உபயோகித்த குற்றத்திலோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்திலோ வழக்கு வந்தவர் தானாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சையை முடித்தால் அந்த வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு திரும்பப் பறிபோகலாம்.

ஊசி விஷயம் அவசரம். டேபென்டடால் மாதிரி மாத்திரைகள் நரம்பில் ஏற்றுவதற்குச் செய்யப்பட்டவை இல்லை, உள்ளே இருக்கும் மாவுப்பொருள் ரத்தக்குழாயை அடைக்கும். ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி. இந்த வகைப் போதைக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் பூப்ரெனார்ஃபின் மாத்திரை இருக்கிறது, டாக்டர் மேற்பார்வையில் நீண்ட நாள் கொடுப்பார்கள். "ஒரு போதைக்கு இன்னொரு போதையா" என்று சிலர் அதை நிறுத்தச் சொல்வார்கள், கேட்காதீர்கள். சில மாதம் விலகி இருந்துவிட்டுத் திரும்பப் பழைய அளவையே போடுகிறவன்தான் அதிகம் சாகிறான், ஏனென்றால் உடம்பு அந்த அளவை மறந்திருக்கும்.

ஏழு மாதம் நன்றாக இருந்தார். மறுபடி குடித்துவிட்டார். எல்லாம் வீணா?

எங்கள் வீட்டிலும் சரியாக ஏழாவது மாதம்தான். கூட ஓட்டின டிரைவர் ஒருவர் விபத்தில் போய்விட்டார், துக்க வீட்டில் யாரோ டம்ளரை நீட்டினார்கள். அண்ணி அன்று ராத்திரி மாத்திரை அட்டைகளையெல்லாம் எடுத்துச் சாக்கடையில் வீசினார். மறுநாள் டாக்டரிடம் போனபோது அவர் கேட்டது "எத்தனை மணிக்கு, எவ்வளவு, இப்போ நடுக்கம் இருக்கா?" அவ்வளவுதான். சுகர் ஏறிப்போன பேஷண்டிடம் பேசுகிற அதே குரல்.

போதை நோயில் மறுபடி விழுவது 40 முதல் 60 சதவீதம். பிரஷர், ஆஸ்துமா நோயாளிகள் மருந்தை விட்டுவிட்டு மறுபடி படுப்பதும் கிட்டத்தட்ட இதே அளவுதான், அல்லது கூட. அண்ணன் அதற்கப்புறமும் ஒரு தடவை விழுந்தார். இப்போது ஆறாவது வருடம்.

இவ்வளவு எதற்கு, கடையை மூடிவிட்டால் முடிந்தது அல்லவா?

1937-இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு கொண்டுவந்ததிலிருந்து நாம் இதையேதான் பேசிக்கொண்டிருக்கிறோம், மூடினோம், திறந்தோம், மூடினோம், திறந்தோம். கடைகள் குறைய வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் 2020 ஊரடங்கில் ஒரே ராத்திரியில் எல்லாக் கடையும் மூடினார்களே, அப்போது ஷேவிங் லோஷனைக் குடித்துச் செத்தவர்கள் உண்டு. கேரளத்தில் குடிநோயாளிகள் தற்கொலை செய்துகொள்ள, டாக்டர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று அரசு உத்தரவு போட்டு, டாக்டர்கள் எதிர்த்து, உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தபோது டாஸ்மாக் கடைகள் திறந்துதான் இருந்தன. பாக்கெட் சாராயம் மலிவு, அவ்வளவுதான் காரணம். 2023-24-இல் டாஸ்மாக்கில் அரசுக்கு வந்த வருமானம் 45,000 கோடிக்கும் மேல். அதில் ஒரு துளியை எடுத்து ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் நாலு படுக்கை போட்டால்கூடப் போதும் என்று தோன்றும் எனக்கு.

உங்கள் அண்ணன் இப்போது எப்படி இருக்கிறார்?

வண்டி ஓட்டுகிறார், லாங் டிரிப் இல்லை, லோக்கல் லோடு மட்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஓ.பி. போய்வருகிறார், சீட்டெல்லாம் ஒரு மஞ்சள் பையில் அண்ணி அடுக்கி வைத்திருக்கிறார். போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மண்டபத்துக்குப் பின்னால் கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு மாமா பையன் கூப்பிட்டான், "வாங்க மாமா, ஒண்ணே ஒண்ணு." அண்ணன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டி, "மாத்திரை சாப்பிடறேன்டா, சுகர்" என்றார். அவருக்குச் சுகரே கிடையாது. ஆனால் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் மாமா பையன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அய்யய்யோ, எத்தனை இருக்கு மாமா? வெந்தயம் சாப்பிடறீங்களா?" என்று ஆரம்பித்தான், பந்திக்குக் கூப்பிடும் வரை விடவில்லை.